டப்ளின் போகிறவர்களுக்கு: எதற்கு முன்பதிவு, எதற்குச் சும்மா போய் உட்கார்வது

போன வருடம் ஏப்ரல் கடைசி வாரத்தில் அம்மா, 11 வயது மகள், நான் என மூன்று பேரும் டப்ளினில் 8 நாள் இருந்தோம். தம்பி அங்கே வேலை பார்க்கிறான். தங்க வீடு இருக்கிறது, வழிகாட்ட ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் எதையும் முன்கூட்டிப் பார்க்காமல் கிளம்பினோம். முதல் மூன்று நாள் அலைச்சலிலேயே போயிற்று. முன்பதிவு செய்திருக்க வேண்டிய இடத்துக்கு நேரில் போய் நின்றோம். முன்பதிவே இல்லாத இசைக்கு டிக்கெட் தேடினோம். மகளோடு போன முதல் பப்பில் வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கும் நேரத்தில் வெளியே வர வேண்டியதாயிற்று.

டப்ளினைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பகலில் பார்க்கிற பெரிய இடங்களுக்கு வாரக்கணக்கில் முன்பே சீட்டு எடுக்க வேண்டும். இரவில் கேட்கிற நல்ல இசைக்குச் சீட்டே கிடையாது, அங்கே தெரிந்திருக்க வேண்டியது நேரமும் நடைமுறையும்தான். இனி வரிசையாகச் சொல்கிறேன். விலைகள் நாங்கள் போனபோது இருந்தவை; பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. விசா: ஷெங்கன் விசா இங்கே செல்லாது

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோவில்தான் வியாபாரம். ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி போக எடுத்த விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது. பலரும் முதலில் தடுக்கி விழுகிற இடம் இது. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குத் தேவை.

பிரிட்டன் சுற்றுலா விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஆனால் அதற்கு நிபந்தனை இருக்கிறது: முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்திருக்க வேண்டும், அங்கே தங்க அனுமதித்த காலம் மிச்சம் இருக்க வேண்டும். நேராக டப்ளினுக்குப் பறந்துவிட்டு பிரிட்டன் விசாவை நீட்டினால் உதவாது. இந்தச் சலுகையை நம்பித் திட்டம் போடுகிறவர்கள், கிளம்பும் மாதத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று அயர்லாந்து குடிவரவுத் துறையின் தளத்தில் பாருங்கள்.

மற்றவர்களுக்கு வழி இதுதான். அத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்புங்கள். பயண நாளுக்கு 3 மாதம் முன்பிருந்தே நிரப்பலாம். கடைசியில் வரும் சுருக்கப் பக்கத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஆவணங்களோடு விண்ணப்ப மையத்தில் கொடுக்க வேண்டும். ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறைக்கு 100 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. முடிவு வர 8 வாரம் வரை ஆகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பொங்கல் முடிந்ததும் ஆவணங்களைத் திரட்டத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

ஆவணங்களில் முதல் இடம், நீங்களே எழுதும் விளக்கக் கடிதத்துக்கு. ஏன் போகிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குவீர்கள், செலவு யாருடையது, திரும்பி வர என்ன காரணம் இருக்கிறது, அங்கே உறவினர் யாராவது உண்டா, இதற்கு முன் எந்த நாட்டுக்குப் போனீர்கள்: எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும், ஆனால் மற்ற ஆவணங்களோடு தேதிகள் பொருந்த வேண்டும். அடுத்தது 6 மாத வங்கிக் கணக்கு விவரம். கடைசி மாதத்தில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கடிதத்திலேயே எழுதி, ஆதாரம் இணையுங்கள். அம்மாவின் கணக்கில் வைப்புத்தொகை முதிர்ந்து வந்த பணம் இருந்தது. வங்கி ரசீதை இணைத்திருந்தோம், கேள்வி வரவில்லை.

வேலை பார்க்கும் இடத்தின் கடிதமும் விடுப்பு அனுமதியும் வேண்டும். பயணக் காப்பீடு, தங்குமிடச் சான்று, பழைய பாஸ்போர்ட்டுகள், உறவினர் அழைக்கிறார் என்றால் அவருடைய அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அட்டை நகல் ஆகியவையும் வேண்டும். குழந்தையோடு ஒரு பெற்றோர் மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் அவசியம். தமிழில் மட்டும் உள்ள எந்தச் சான்றிதழுக்கும் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். மகளின் பிறப்புச் சான்றிதழ் இரு மொழியிலும் இருந்ததால் தப்பித்தோம். அம்மாவுடைய பழைய பத்திரம் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பு வாங்க ஒரு வாரம் போனது.

இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் மறைக்காதீர்கள். மறுப்பை விட, மறைத்தது தெரியவருவதுதான் பெரிய சிக்கல். அயர்லாந்தே மறுத்தாலும் 2 மாதத்துக்குள் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பாத விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். துபாய், அபுதாபி, தோஹா வழியாகப் போனால் அங்கிருந்து டப்ளினுக்கு நேர் விமானம் இருக்கிறது. லண்டன் வழி மலிவாகத் தெரியும். இடையில் மாறுவதற்கே பிரிட்டன் அனுமதி தேவைப்படலாம் என்பதைப் பார்த்த பிறகு எடுங்கள். டப்ளினில் இறங்கியதும் குடிவரவு அதிகாரி சில கேள்விகள் கேட்பார். விசா இருப்பது வாசல் வரை வரத்தான் உரிமை. உள்ளே விடுவது அவர் முடிவு. ஆவணங்களின் நகலைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.

2. தேதியும் தங்குமிடமும்

டப்ளினில் எல்லாவற்றையும் விடச் செலவு பிடிப்பது ஓட்டல் அறைதான். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினத்தை ஒட்டியும், குரோக் பார்க்கில் பெரிய கச்சேரியோ இறுதிப் போட்டியோ இருக்கும் நாட்களிலும், அவீவா அரங்கில் ரக்பி ஆட்டம் இருக்கும் வார இறுதிகளிலும் வாடகை எகிறிவிடும். தேதியை முடிவு செய்யும் முன் இந்த இரண்டு அரங்குகளின் நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். ஒரு வாரம் தள்ளிப் போனாலே கணிசமாக மிச்சமாகும்.

பப்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதியில் அறை எடுக்காதீர்கள். இரவு வெகுநேரம் சத்தம் அடங்காது. லுவாஸ் எனப்படும் டிராம் ஓடும் ஸ்மித்ஃபீல்ட், ஹூஸ்டன் பக்கம் பாருங்கள். பிளக் பாயிண்ட் பிரிட்டனில் உள்ளதுபோல மூன்று தட்டைக் கால் வகை. நம் ஊர்ச் சார்ஜர் நுழையாது, அடாப்டர் எடுத்துப் போங்கள். ஏப்ரலிலும் குளிரும். குடையைக் காற்று மடக்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி.

3. முன்பதிவு: முதலில் கில்மேனம் சிறை

நகரத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் கில்மேனம் சிறைச்சாலையைத்தான் சொல்வேன். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்கள் 14 பேரைச் சுட்டுக் கொன்ற கல்லுடைக்கும் முற்றம் அங்கேதான் இருக்கிறது. உயரமான சாம்பல் சுவர்கள், தரையில் சரளைக்கல், ஒரு மூலையில் கறுப்புச் சிலுவை. எங்களோடு வந்த முப்பது பேரும் அங்கே நின்றபோது கால் மாற்றி வைக்கிற சரளைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரியவர்களுக்கு 8 யூரோ. விலை குறைவு, ஆட்கள் அதிகம் என்பதால் சீட்டு நிற்காது. அந்தந்த நாளுக்கான சீட்டு 28 நாள் முன்னதாக, அயர்லாந்து நேரம் நள்ளிரவில் இணையத்தில் திறக்கும். நம் ஊர்க் கடிகாரத்தில் அது கோடையில் அதிகாலை 4:30, குளிர்காலத்தில் 5:30. அலாரம் வைத்து எழுந்து எடுங்கள். விடிந்து காபி குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் நல்ல நேரமெல்லாம் போயிருக்கும்.

தவறவிட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ரத்தான சீட்டுகளை அன்றன்று காலை 9:15 முதல் 9:30க்குள் அதே தளத்தில் விடுகிறார்கள். நாங்கள் இரண்டு நாள் முயன்று மூன்றாம் நாள் இப்படித்தான் மூன்று சீட்டு எடுத்தோம். தம்பி மடிக்கணினியில், நான் போனில், இருவரும் கார்டு எண்ணைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தோம். உள்ளே வெளியை விடக் குளிர், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிரினிட்டி கல்லூரியில் உள்ள கெல்ஸ் நூல் என்ற பழங்கால நற்செய்திக் கையெழுத்துப் பிரதி. நேரம் குறித்த சீட்டு, பெரியவர்களுக்குச் சுமார் 25 யூரோ. ஒரு வாரம் முன்பே எடுத்தால் போதும், காலையின் முதல் நேரத்தை எடுங்கள். ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: அங்கேயே உள்ள லாங் ரூம் நூலகத்தின் புத்தகங்களைப் பாதுகாப்புப் பணிக்காகத் தட்டுகளிலிருந்து பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். படத்தில் பார்க்கும் நிறைந்த அலமாரிகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பழைய நூலகக் கட்டடத்தையே நீண்ட காலம் மூடிச் சீரமைக்கும் திட்டமும் இருப்பதால், எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கின்னஸ் பீரின் கதையைக் காட்டும் கின்னஸ் ஸ்டோர்ஹவுஸுக்கு விலை நாளுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி மாறும். வாரநாள் காலை மலிவு, சனிக்கிழமை மதியம் அதிகம். 7 தளம் ஏறி மேலே போனால் கண்ணாடிச் சுவர் வைத்த கிராவிட்டி பாரிலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். சீட்டோடு ஒரு பானம் சேர்த்தி. மது குடிக்காதவர்களுக்கு மதுவில்லாத பானம் தருவார்கள். அம்மா அதைத்தான் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் நான் முதலில் விடச் சொல்வது இதைத்தான்.

பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ் என்று விற்கிறார்கள். வாங்கும் முன் நீங்கள் உண்மையில் போகப்போகும் இடங்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள். அடுத்து சொல்லப்போகும் இடங்களில் பாதிக்கு மேல் இலவசம். பாஸ் இருந்தாலும் நேரம் குறித்த இடங்களுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

4. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்: லீப் கார்டு

விமான நிலையத்துக்கு ரயிலோ டிராமோ கிடையாது. பஸ் அல்லது டாக்ஸிதான். விரைவுப் பேருந்துகள் தனிக் கட்டணம். 16, 41 எண் நகரப் பேருந்துகள் மெதுவாகப் போகும், ஆனால் கட்டணம் 2 யூரோதான். அதற்கு லீப் கார்டு எனும் பயண அட்டை வேண்டும். கையில் காசாகக் கொடுத்தால் 2.60 யூரோ, அதுவும் நாணயமாக, சரியாக. நோட்டு வாங்க மாட்டார்கள், மீதியும் தர மாட்டார்கள்.

கார்டு இரண்டு வகை. பார்வையாளர் லீப் கார்டு 1 நாளைக்கு 8, 3 நாளைக்கு 16, 7 நாளைக்கு 32 யூரோ. இதில் நாள் என்பது நள்ளிரவுக் கணக்கு இல்லை. முதல்முறை தொட்ட நேரத்திலிருந்து 24 மணி, 72 மணி. இரவு 8 மணிக்குத் தொடங்கினாலும் நஷ்டமில்லை. சாதாரண லீப் கார்டுக்கு 5 யூரோ வைப்பும் பயணத்துக்கான பணமும் போட வேண்டும். 90 நிமிடத்துக்குள் பஸ், டிராம், டார்ட் ரயில் எதில் மாறினாலும் அதே 2 யூரோதான், ஒரு நாளைக்கு 6 யூரோவுக்கு மேல் பிடிக்காது. நிறைய நடப்பவர்களுக்கும் ஒரு வாரம் தங்குபவர்களுக்கும் சாதாரணக் கார்டு லாபம். மூன்று நாள் ஓடி ஓடிப் பார்ப்பவர்களுக்குப் பார்வையாளர் கார்டு.

பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். லுவாஸிலும் டார்ட்டிலும் ஏறும் முன் ஒருமுறை, இறங்கிய பின் ஒருமுறை தொட வேண்டும். லுவாஸ் நிறுத்தத்தில் கதவோ தடுப்போ கிடையாது, மறந்துவிடுவது எளிது. சோதனையாளர் வந்தால் அபராதம்.

5. பகல்: ஒரே பக்கத்தில் உள்ளவற்றைச் சேர்த்துப் பாருங்கள்

லுவாஸ் சிவப்புத் தடத்தை ஒட்டி ஒரு முழு நாள் அமைகிறது. காலையில் ஹூஸ்டன் நிறுத்தத்தில் இறங்கி ராயல் ஹாஸ்பிட்டல் வளாகத்துக்குள் நடந்தால், மரங்கள் நிற்கும் நேர்சாலை கில்மேனம் சிறைக்கு எதிரே கொண்டுபோய் விடும். அந்த வளாகத்திலேயே நவீனக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, இலவசம், திங்கள் விடுமுறை. கின்னஸ் போவதானால் ஜேம்ஸஸ் நிறுத்தம். மாலையில் அதே தடத்தில் மியூசியம் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் காலின்ஸ் பாரக்ஸ் அருங்காட்சியகம், இலவசம். அடுத்த நிறுத்தம் ஸ்மித்ஃபீல்ட். இரவு இசை அங்கே.

இன்னொரு நாள் முழுக்க நடை. டிரினிட்டியில் தொடங்கி கில்டேர் தெருவில் உள்ள தேசிய தொல்லியல் அருங்காட்சியகம். சதுப்பு நிலத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கெடாமல் கிடந்த மனித உடல்கள் அங்கே இருக்கின்றன. விரல் நகம் வரை தெரியும். சின்னக் குழந்தைகளை அந்தப் பகுதிக்குள் கூட்டிப்போகும் முன் யோசியுங்கள். பக்கத்தில் தேசியக் கலைக்கூடம், பிறகு மெரியன் சதுக்கப் பூங்கா, செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன். எதற்கும் கட்டணமில்லை. தொல்லியல் அருங்காட்சியகம் திங்களன்று மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும்.

டப்ளின் கோட்டை வளாகத்துக்குள் செஸ்டர் பீட்டி என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. இதையும் விடாதீர்கள். குர்ஆன் கைப்பிரதிகள், முகலாயச் சிற்றோவியங்கள், ஜப்பானியச் சுருள்கள் எல்லாம் கையெட்டும் தூரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். இலவசம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை திங்களில் மூடியிருக்கும். அம்மாவுக்கு ஊரிலேயே பிடித்த இடம் இதுதான்.

மிச்சம் ஒரு அரைநாள் இருந்தால் டார்ட் ரயிலேறி ஹோத் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். அரைமணி நேரம். மலைமுகட்டுப் பாதையில் கடலை ஒட்டி நடக்கலாம், லீப் கார்டே போதும்.

6. இரவு: செஷன் என்றால் என்ன, எங்கே, எப்படி உட்கார்வது

பாரம்பரிய ஐரிஷ் இசைக்கு டிக்கெட் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். ஐரிஷ் மொழியில் சேஷூன், எல்லோரும் சொல்வது செஷன். பப்பின் ஒரு மூலை மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் வயலின், புல்லாங்குழல், தகர விசில், கான்செர்டினா, இல்லன் பைப் எனும் துருத்திக் குழல், பௌரான் எனும் கைப்பறை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, அறிவிப்பும் கிடையாது. ஒருவர் தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் முகம் பார்த்து உட்காருவது ஒருவரை ஒருவர். நம்மைப் பார்த்து இல்லை.

டெம்பிள் பார் பகுதியில் மதியத்திலிருந்தே இசை இருக்கும். அங்கே பெரும்பாலும் மைக் வைத்து, கிட்டாரோடு, சுற்றுலாப் பயணிகள் கூடவே பாடும் பாட்டுகள். கலகலப்பு வேண்டும் என்றால் ஒருமுறை போகலாம். ஆனால் மற்ற இடங்களில் ஆறேழு யூரோவுக்குக் கிடைக்கும் ஒரு பைன்ட் பீர் அங்கே பத்தைத் தொடும். அங்கே ஓர் இரவு இருந்துவிட்டு ஐரிஷ் இசை கேட்டாயிற்று என்று திரும்பிவிடாதீர்கள்.

ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப்பில் முன்பக்க ஜன்னல் ஓரம் தினமும் செஷன் நடக்கிறது. மெரியன் ரோவில் ஓ'டானஹ்யூஸ். டப்ளினர்ஸ் இசைக்குழு 1962இல் உருவான இடம் அது. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. வாசிப்பு பெரும்பாலும் 9 மணியை ஒட்டித் தொடங்கும். எட்டரைக்குள் போனால்தான் உட்கார இடம் கிடைக்கும்.

உட்கார்ந்தபின் தெரிந்திருக்க வேண்டியவை சில. இசைக்காரர்கள் மேஜையைச் சுற்றியுள்ள இருக்கைகளில், காலியாக இருந்தாலும், உட்காரக் கூடாது. வர வேண்டியவர்கள் வருவார்கள். மேஜைக்கு வந்து யாரும் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். கவுன்டருக்குப் போய்ச் சொல்லி, அப்போதே பணம் கொடுக்க வேண்டும். மது குடிக்காதவர்கள் எலுமிச்சை சேர்த்த சோடாவோ மதுவில்லாத கின்னஸோ கேட்கலாம். யாரும் ஒருமாதிரி பார்ப்பதில்லை. ஆனால் எதையும் வாங்காமல் இரண்டு மணி நேரம் இடத்தை அடைத்து உட்கார்வது முறையில்லை. கின்னஸ் கேட்டால் முக்கால் கோப்பை ஊற்றி அப்படியே வைத்துவிடுவார்கள். நுரை படிய இரண்டு நிமிடம் விட்டு மேலே நிரப்புவார்கள். மறந்துவிட்டார்கள் என்று குரல் கொடுக்க வேண்டாம்.

நடுவில் கைதட்டித் தாளம் போடக் கூடாது. 'இந்தப் பாட்டு வாசியுங்கள்' என்று கேட்கக் கூடாது. யாராவது கருவியில்லாமல் தனியாகப் பாடத் தொடங்கினால் பப் முழுக்க அடங்கிவிடும். பேச்சை நிறுத்தி, கோப்பையைக்கூட மெதுவாக வையுங்கள். போனில் முழுதும் பதிவு செய்வதை விடுங்கள். ஒரு படம் எடுப்பதானாலும் கண்ணால் அனுமதி கேளுங்கள்.

கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்குக் கேட்க ஒரு பிடி இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை வாசிப்பார்கள். ஜிக் என்றால் தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடும். ரீல் என்றால் தகதிமி தகதிமி. ஸ்லிப் ஜிக்கில் மூன்று தகிட ஒரு சுற்று. மகள் வயலின் கற்றுக்கொள்கிறாள். தொடையில் விரல் போட்டுக்கொண்டே வந்தவள், மெட்டு மாறும் அந்த ஒரு கணத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யாரும் சொல்லாமல் அத்தனை பேரும் எப்படிச் சேர்ந்து மாறினார்கள் என்று வீடு வரும்வரை கேட்டாள். அவர்களில் ஒருவர், மெட்டு முடியும் நேரத்தில் லேசாகப் புருவத்தை உயர்த்துவார். அவ்வளவுதான் சைகை. அடுத்த நாள் அதைக் கவனிப்பதற்காகவே போனோம்.

தட்டு வைத்து யாரும் காசு கேட்பதில்லை. ஒன்றிரண்டு பேருக்குப் பப் சம்பளம் தரும். மற்றவர்கள் வாசிக்கும் ஆசையில் வருபவர்கள்.

7. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவறாமல் படிக்கவும்

அயர்லாந்துச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இரவு 9 மணிக்கு மேல் பப்பில் இருக்கக் கூடாது. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை மட்டும் 10 மணி. 15 வயதுக்குக் கீழ் என்றால் பகலிலும் பெற்றோர் கூட இருக்க வேண்டும். இசை தொடங்குவதோ 9 மணிக்கு. நாங்கள் போனது ஏப்ரல். எட்டரைக்கே போய் நல்ல இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். ஒன்பது ஆனதும் பணியாளர் வந்து தன்மையாகவே சொன்னார். மகளை அழைத்துக்கொண்டு வெளியே வரும்போது ஒருவர் வில்லுக்கு ரோசின் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்பது நொடி நடை அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

வழி இருக்கிறது. சனி, ஞாயிறு பிற்பகலில் சில பப்களில் செஷன் உண்டு. அன்றைய நேரத்தைக் காலையில் போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். மேலே சொன்ன புருவச் சைகையை நாங்கள் பார்த்தது ஒரு ஞாயிறு பிற்பகலில்தான். அடுத்த வழி, மங்க்ஸ்டவுனில் உள்ள கோல்தஸ் அமைப்பின் தலைமையகம். Comhaltas என்ற எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் அங்கே யாருக்கும் புரியாது, கோல்தஸ் என்றே சொல்லுங்கள். பாரம்பரிய இசைக்காக 1951இல் தொடங்கிய அமைப்பு. அங்கே செஷனும், கேய்லி எனப்படும் கூட்டு நடனமும் நடக்கின்றன. டார்ட்டில் சீபாயின்ட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். எந்த வாரம் என்ன நிகழ்ச்சி என்பதை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இசை படிக்கும் பிள்ளைகள் இருந்தால் மெரியன் சதுக்கத்தில் ஐரிஷ் பாரம்பரிய இசைக் காப்பகமும் இருக்கிறது, பகலில் இலவசமாகப் போகலாம்.

8. மேடை நிகழ்ச்சி வேண்டும் என்றால்

வயதானவர்கள் கூட்டத்தில் நிற்க முடியாது, நடனமும் பார்க்க வேண்டும் என்றால் விருந்தோடு கூடிய நிகழ்ச்சி நல்லது. ராத்ஃபார்னமில் மெரி ப்ளௌபாய் பப் இதற்குப் பெயர் பெற்றது. நகர மையத்தில் ஆர்லிங்டன் ஓட்டலிலும் உண்டு. மூன்று கட்டமாகப் பரிமாறும் சாப்பாடு, இசை, காலணித் தாளம் அதிரும் நடனம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 50 யூரோவுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பானங்களுக்குத் தனி. பதிவு செய்யும்போது மூன்றைக் கேளுங்கள்: சைவச் சாப்பாடு உண்டா, குழந்தைக்கு அனுமதி எத்தனை மணி வரை, திரும்பிவர வண்டி ஏற்பாடு உண்டா. அம்மா இந்த இரவைத்தான் ஊரில் எல்லோரிடமும் சொல்கிறார். எனக்கு ஜன்னலோர செஷன்தான். இரண்டும் வேறு வேறு.

இரண்டு இசைக்கலைஞர்கள் பப் பப்பாக அழைத்துப் போய் வாசித்து விளக்கும் இசை நடையும் இருக்கிறது. செஷனே பார்த்திராதவர்கள் முதல் இரவு இதில் சேர்ந்தால், அடுத்த இரவு தாங்களே போய் உட்காரப் பழகிவிடுவார்கள். ரிவர்டான்ஸ் எனும் ஐரிஷ் நடன நிகழ்ச்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோடையில் கெயிட்டி தியேட்டர் அட்டவணையைப் பாருங்கள்.

9. சாப்பாடு

பப் சமையலறைகள் பெரும்பாலும் 9 மணிக்கு மூடிவிடும், இசைக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். காலையுணவில் பிளாக் புட்டிங் என்று கறுப்பாக வட்டமாக வைப்பார்கள். அது பன்றி இரத்தத்தில் செய்வது. இனிப்பு என்று நினைத்துக் கடித்துவிடாதீர்கள். வெள்ளை புட்டிங்கும் பன்றி இறைச்சிதான். காய்கறி சூப் என்றாலும் எந்தச் சாற்றில் செய்தது என்று கேளுங்கள். உருளைக்கிழங்கில் செய்யும் பாக்ஸ்டி அடை, முட்டைக்கோஸ் சேர்த்து மசித்த கால்கேனன், சோடா ரொட்டியும் வெண்ணெயும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். விக்லோ தெருவில் கார்னுகோப்பியா முழுச் சைவ உணவகம்.

10. ஊருக்கு வெளியே ஒருநாள் பயணம்: எல்லையைக் கவனியுங்கள்

மோஹர் பாறைமுகடுகளுக்கு விடிகாலையில் கிளம்பும் பேருந்துச் சுற்றுலா 12 மணி நேரத்துக்குக் குறையாது, வயதானவர்களுக்குக் கடினம். கிளெண்டலாக் ஏரிப் பள்ளத்தாக்கு அரைநாளில் முடியும், நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

ஜெயன்ட்ஸ் காஸ்வே, பெல்ஃபாஸ்ட் என்று அழகான படங்களோடு விளம்பரம் செய்யும் சுற்றுலாக்களும் டப்ளினிலிருந்தே கிளம்பும். அவை போவது வட அயர்லாந்துக்கு, அது பிரிட்டனைச் சேர்ந்த பகுதி. எல்லையில் பெரும்பாலும் சோதனை இருக்காது, பலகைகூடக் கண்ணில் படாது. ஆனால் அயர்லாந்து விசா மட்டும் வைத்திருக்கும் இந்தியர் அங்கே போவது சட்டமீறல். டிக்கெட் விற்பவர்கள் இதைக் கேட்பதில்லை. எங்களுக்கும் மூன்று இருக்கை பதிவாகிவிட்டது, தம்பிதான் கடைசி நேரத்தில் நிறுத்தினான். பிரிட்டன் விசா தனியாக இல்லாதவர்கள், விசா முத்திரையில் பிரிட்டன்-அயர்லாந்து கூட்டுத் திட்டத்தின் குறியீடு இருந்தால் மட்டுமே இரு பக்கமும் போகலாம்.

11. திரும்பும் நாள்

பப்கள் வாரநாளில் இரவு 11:30, வெள்ளி, சனியில் 12:30, ஞாயிறில் 11 மணிக்குக் கவுன்டரை மூடும். குடித்து முடிக்க அரைமணி தருவார்கள். கடைசி லுவாஸ் எப்போது என்று முன்பே பார்த்துக்கொண்டால் கடைசி மெட்டு வரை உட்காரலாம். விடிகாலை விமானம் என்றால் டாக்ஸிக்கு அவசரப்பட வேண்டாம். 41 எண் பஸ் இரவு முழுக்க ஓடுகிறது. எங்கள் லீப் கார்டுகளில் கடைசியாக மிச்சமிருந்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. மகள் மாடி முன்வரிசையில் உட்கார்ந்து, முன் கம்பியில் தகிட தகிட என்று தட்டிக்கொண்டே விமான நிலையம் வரை வந்தாள்.